வடக்குச் சுவரின் நான்காம் கட்டம்

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயிலுக்குள்ளேயே கூட்டம் போட்டபோது பங்குச் சாமியார் இருந்தார். கோயில் கமிட்டித் தலைவர் இருந்தார். பன்னிரண்டு கட்டத்துக்காரர்களில் பதினோரு பேர் குடும்பத்தோடு வந்து பாயில் உட்கார்ந்திருந்தார்கள். என் அப்பா கதவோரமாக, துண்டை மடியில் சுருட்டி வைத்துக்கொண்டு இருந்தார். நான் அவர் பக்கத்தில். வராதது ஒரே ஒரு குடும்பம், வடக்குச் சுவரில் நான்காம் கட்டத்துக்காரர்கள். அவர்கள் பெங்களூரில் கட்டட வேலையில் இருந்தார்கள். கோயிலை இடித்துவிடலாம் என்று எழுதிக் கொடுத்த இஞ்சினியரும் வரவில்லை. அவருடைய காகிதம் மட்டும் வந்திருந்தது.

கட்டம் என்றால் என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் மாதா கோயில் ஒற்றை அறையாக நீண்டு கிடக்கும் கட்டடம். கிழக்குக் கோடியில் பீடம். பீடத்துக்குப் பின்னால் சுவர் அரைவட்டமாக வளைந்து போகும். அதற்கு மேலே தேங்காய் மூடியைப் பாதியாக வெட்டி நிறுத்திய மாதிரி ஒரு கூரை. மேற்கே வாசல், வாசலுக்கு மேலே படிப்படியாகக் குறுகும் முகப்பு, உச்சியில் மணி தொங்கும் சின்ன வளைவு. வடக்கிலும் தெற்கிலும் மூன்றடி கனத்தில் சுவர். அந்தச் சுவர் வெறும் பரப்பாக இருக்காது. ஒன்பதடிக்கு ஒன்றாகப் பாதித் தூண்கள் சுவரோடு ஒட்டி வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். இரண்டு பாதித் தூண்களுக்கு நடுவே, மேல்பக்கம் வளைந்த ஒரு சன்னல். அந்தத் துண்டுக்குத்தான் எங்கள் ஊரில் கட்டம் என்று பெயர். வடக்கில் ஆறு, தெற்கில் ஆறு.

பாண்டிச்சேரியிலிருந்து குதிரையில் வந்த ஒரு பிரெஞ்சுக்காரச் சாமியார் கட்டியது என்று சொல்வார்கள். வாசலுக்குப் பக்கத்தில் ஒரு கல் பதித்திருக்கிறது. அதில் செதுக்கிய வருஷத்தின் முதல் இரண்டு எண்கள் மட்டும்தான் இப்போது தெரியும். மீதியை யாரோ மணியடிக்கும் கயிற்றைக் கட்ட ஆணி அடித்து உடைத்துவிட்டார்கள். பஞ்ச காலம். கூலிக்குப் பதில் கஞ்சி. ஏரி மண்ணை அறுத்து, அங்கேயே சூளை போட்டு, பட்டை பட்டையாக மெல்லிய செங்கல் சுட்டிருக்கிறார்கள். கூரைக்கான உத்திரம் கல்வராயன் மலையிலிருந்து மாட்டு வண்டியில் இறங்கியிருக்கிறது. உத்திரங்களின்மேல் செங்கல்லைப் படுக்க வைக்காமல், சாய்த்துக் குத்துக்கல்லாக அடுக்கிச் சுண்ணாம்பு போட்டு இறுக்கிய கூரை அது. நான் பாலிடெக்னிக்கில் சிவில் படிக்கப் போன பிறகுதான் அண்ணாந்து பார்த்து, அது எப்படி நிற்கிறது என்று முதல் தடவையாக யோசித்தேன். அதற்கு முன்பு எத்தனையோ பூசைகளில் அந்த உத்திரங்களை எண்ணிக்கொண்டே தூங்கியிருக்கிறேன்.

அந்தப் பிரெஞ்சுக்காரச் சாமியார் ஒரு கட்டத்துக்கு ஒரு குடும்பம் என்று வேலையைப் பிரித்துக் கொடுத்தாராம். எந்தக் குடும்பம் எந்தக் கட்டத்துக்குக் கல் சுமந்ததோ அந்தக் கட்டம் அந்தக் குடும்பத்துக்கு. வடக்கே எங்கள் தெரு, தெற்கே மேலத் தெரு. அந்தக் காலத்தில் கோயிலுக்குள்ளேயே இரண்டு தெருவுக்கும் நடுவில் இடுப்பளவு குட்டைச் சுவர் இருந்திருக்கிறது. அப்புறம் வந்த ஒரு சாமியார் அதை எடுத்துப் போட்டார். தரையில் கடப்பைக் கல்லுக்கு நடுவே ஒரு சாண் அகலத்துக்கு வேறு நிறம் இன்னும் நீளமாக ஓடுகிறது. ஆனால் கட்டங்கள் மட்டும் இரண்டு பக்கமும் ஒரே அளவு. நான் டேப் வைத்து அளந்திருக்கிறேன். அரை அங்குலம்கூட வித்தியாசம் இல்லை.

மாதா தேருக்கு முந்தின வாரம் அவரவர் கட்டத்துக்கு அவரவர் சுண்ணாம்பு அடிக்க வேண்டும். கல்சுண்ணாம்பு வாங்கி வந்து, பீப்பாயில் தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவிட்டு, துணியில் வடிகட்டி, நார் மட்டையால் அடிப்பார்கள். அடுத்தவர் கட்டத்தில் மட்டை படக் கூடாது. ஒரு கட்டத்துக்கு வேறொரு குடும்பம் வெள்ளை அடித்தால், அந்தக் கட்டத்துக்காரர்கள் வீட்டில் ஆளே மிஞ்சவில்லை என்று அர்த்தம். பாதித் தூணில்கூட நடுக்கோடு உண்டு. இந்தப் பாதி எங்களுடையது, அந்தப் பாதி உங்களுடையது. வடக்குச் சுவரில் மூன்றாம் கட்டம் எங்கள் குடும்பத்துக்கு.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். அப்பா கரும்பு வெட்டப் போகிறவர். கையெழுத்துக்குப் பதில் கட்டைவிரல் வைப்பவர். நான் டிப்ளமோ முடித்து, கள்ளக்குறிச்சியில் ஒரு கான்ட்ராக்டரிடம் சைட் சூப்பர்வைசராகச் சேர்ந்த அன்றிலிருந்து ஊரில் எனக்குப் பெயர் இஞ்சினியர். கோழிக்கூண்டு கட்டுவதற்குக்கூட என்னைக் கூப்பிட்டுத் திசை கேட்பார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. அதை மறைக்க மாட்டேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் கமிட்டித் தலைவர் ஒரு யோசனை கேட்டார். "வருசா வருசம் சுண்ணாம்பு அடிச்சிக்கினே கீறோம், மழ பேஞ்சா கரையுது. இதுக்கு ஒரு நிரந்தர வழி சொல்லுடா இஞ்சினியரு" என்றார். நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. பழைய பூச்சைக் கொத்திவிட்டுச் சிமெண்ட் பூசி, மேலே மழைக்குத் தாங்குகிற பெயின்ட் அடித்தால் பத்து வருஷத்துக்குக் கவலை இல்லை என்றேன். சிமெண்ட்டைப் பற்றி எனக்கு நன்றாகத் தெரியும். சுண்ணாம்பைப் பற்றிப் பாடம் நடத்தினார்களா, நடத்திய நாளில் நான் கவனிக்கவில்லையா, தெரியவில்லை.

எல்லோரும் காசு போட்டார்கள். நானே நின்று வேலை வாங்கினேன். பதினோரு கட்டங்கள் இளமஞ்சளில் பளபளவென்று ஆயின. நான்காம் கட்டம் மட்டும் அப்படியே நின்றது. அந்தக் குடும்பம் அப்போதும் பெங்களூரில்தான் இருந்தது. போன் நம்பரை மாற்றியிருந்தார்கள், கேட்க முடியவில்லை. கேட்காமல் அவர்கள் கட்டத்தில் யார் கரண்டி வைப்பது? மேஸ்திரி இரண்டு நாள் பார்த்துவிட்டுச் சாரத்தைப் பிரித்துக்கொண்டு போய்விட்டார்.

தேருக்கு வந்த அந்த வீட்டு அத்தை சுவரைப் பார்த்ததும் என்னைப் பிடித்துக்கொண்டாள். சொந்த அத்தை இல்லை, தெரு முறையில் அத்தை.

"டேய் மருமவனே, ஊரு சொவுரெல்லாம் மின்னுது. எங்களுது மட்டும் பல்லு போன வாயாட்டம் கீது. எங்களுதுக்கும் ரெண்டு சட்டி சிமெண்ட்ட அப்பி வுடுடா."

"அடுத்த தேருக்குள்ள பண்ணிட்லாம் அத்தே."

"காசு நான் தரேன்டா."

"காசுக்கு இல்ல அத்தே. ஒரு கட்டத்துக்கு மேஸ்திரி வர மாட்டன்றாரு."

பாதி உண்மை. மீதி என் சோம்பல். அவள் முணுமுணுத்துக்கொண்டே சுண்ணாம்பு வாங்கி வந்து, புருஷனை ஏணியில் ஏற்றி வெள்ளை அடித்தாள். அடுத்த வருஷமும் கேட்டாள். நானும் அதே பதிலைச் சொன்னேன். அதற்கு அடுத்த வருஷம் கேட்கவில்லை, முறைத்துவிட்டுப் போனாள்.

இரண்டாவது மழைக்காலத்திலேயே கோயிலுக்குள் சுவர் வேர்க்க ஆரம்பித்தது. முட்டி உயரத்தில் தொடங்கி, ஈரம் சன்னல் மட்டம் வரை ஏறியது. காய்ந்த இடத்தில் வெள்ளையாக உப்புப் பூத்தது. பிறகு உள்பூச்சு பொரிந்து, துடைப்பத்தால் கூட்டி அள்ளும் அளவுக்கு உதிர்ந்தது. வெளியே என் இளமஞ்சள் பெயின்டில் நீளமான வெடிப்புகள். ஒரு வெடிப்பு கூரையடியிலிருந்து கீழே வரை ஓடியது. இரண்டு இடத்தில் சுவர் வயிறு தள்ளிய மாதிரி உப்பியிருந்தது. கடைசியில் ஒரு நாள் பாடகர் குழு உட்காரும் பெஞ்சின்மேல் ஒரு பெரிய துண்டு பெயர்ந்து விழுந்தது. அதற்குப் பிறகுதான் கமிட்டி வெளியூரிலிருந்து ஓர் இஞ்சினியரைக் கூட்டி வந்தது. அவர் வெடிப்பைப் படம் எடுத்தார், உப்பலைத் தட்டிப் பார்த்தார், கட்டடம் ஆயுள் முடிந்தது, இடித்துக் கட்டவும் என்று எழுதிக் கொடுத்தார். புதுக் கோயிலுக்கு நாற்பது லட்சம் ஆகும் என்று கீழே ஒரு வரி.

அந்தக் காகிதத்தைத்தான் அன்றைக்குச் சாமியார் வாசித்தார். வாசித்து முடித்ததும் தலைவர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"வயசாயிட்ச்சி சாமி. மனுசனுக்கே ஆவுது, சொவுத்துக்கு ஆவாதா?"

"நாப்பது லட்சத்துக்கு நாங்க எங்க போறது?" என்றாள் ஓர் அக்கா. "கரும்பு வெட்டி வெட்டிக் கையே பாதி தேஞ்சிப் போச்சி."

"எங்க கண்ணாலம் இங்கதான் சாமி ஆச்சி."

"ஒனக்கு மட்டுமா? எல்லாருக்கும் இங்கதான் ஆச்சி. அதுக்கின்னு தலைல வுழுறத வாங்கிக்க முடியுமா?"

சாமியார் கையைக் காட்டினார். "கோயில் மேல எனக்கு மட்டும் ஆசை இல்லையா? அன்னிக்கு அது விழுந்தப்ப அந்தப் பெஞ்சுல யாரும் இல்ல. அடுத்த வாரம் பிள்ளைங்க உட்காருவாங்க. ஒண்ணு ஆயிடுச்சுன்னா யார் பதில் சொல்றது? இடிக்கிறதுன்னா மழை முடிஞ்சதும் ஆரம்பிச்சிடலாம். இப்பவே முடிவு சொல்லுங்க."

நான் தலையைக் குனிந்துகொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது எதிரே வடக்குச் சுவர். யார் முகத்தையும் பார்க்க முடியாததால் சுவரைப் பார்த்தேன். முதல் சன்னலுக்குக் கீழே உப்பு. இரண்டாவதற்குக் கீழே உப்பு. மூன்றாவது எங்களுடையது, அதில்தான் அதிகம், செங்கல்லே தெரிந்தது. ஐந்து, ஆறிலும் உப்பு. நான்காவது சன்னலுக்குக் கீழே மட்டும் சுவர் சுத்தமாக இருந்தது. சாமியார் படம் ஒட்டிய பழைய காலண்டர்கூட அதில் நனையாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

எழுந்து வெளியே ஓடினேன். காலையில் தூறியிருந்தது. நான்காம் கட்டத்தில் கையை வைத்தேன். மேலே கொஞ்சம் ஈரம், அவ்வளவுதான்; விரலில் சுண்ணாம்பு ஒட்டியது. விரல் முட்டியால் தட்டினேன். மலையைத் தட்டின மாதிரி சத்தமே இல்லை. நகர்ந்து எங்கள் கட்டத்தைத் தட்டினேன். காலித் தகர டின் போல் டொக்கென்றது. வெடிப்பு எங்கள் கட்டத்தில் மேலிருந்து சாய்வாகக் கீழே வந்து, பாதித் தூணின் நடுக்கோட்டில், சிமெண்ட் முடிகிற இடத்தில் நின்றுபோயிருந்தது. அத்தை வீட்டுச் சுண்ணாம்பில் மயிரளவுகூட ஏறவில்லை.

எனக்குப் புரிந்துவிட்டது. சுண்ணாம்புச் சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். வெயில் அடித்தால் வெளிப்பக்கமாக விட்டுவிடும். இத்தனை காலமும் அப்படித்தான் நின்றிருக்கிறது. நான் அதற்குச் சிமெண்ட்டால் சட்டை போட்டு, பெயின்டால் பொத்தானும் மாட்டிவிட்டேன். போக வழியில்லாத ஈரம் உள்ளே திரும்பியிருக்கிறது. சுவருக்கு வயசாகவில்லை. நான்தான் அதை வியர்க்க வைத்திருக்கிறேன்.

உள்ளே போய் அப்பா பக்கத்தில் உட்கார்ந்தேன். பேசாமல் இருந்தால் வயசாகிவிட்டது என்று சொல்லிக் கோயிலை இடிப்பார்கள், என் பெயர் அப்படியே இருக்கும். பேசினால் இந்த ஊரில் இனி யாரும் என்னைக் கோழிக்கூண்டுக்குக்கூடக் கேட்க மாட்டார்கள். அப்பாவின் காதில் சொன்னேன்.

அவர் திரும்பாமலே கேட்டார். "அப்ப தப்பு சொவுத்து மேல இல்ல?"

"இல்லப்பா. என் மேல."

"நிச்சயமா தெரியுமா?"

"தெரியும்."

"அத எங்கிட்ட இன்னாத்துக்குச் சொல்லிக்கினு கெடக்கற? எனக்கு இன்னா தெரியும்? எழுந்து நின்னு அவங்க கிட்ட சொல்லு."

எழுந்து நின்று சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று ஞாபகமில்லை. சிமெண்ட் என்றேன், சுண்ணாம்பு என்றேன், நான்காவது சன்னலைக் கைகாட்டினேன். எல்லாத் தலையும் அந்தப் பக்கம் திரும்பியது. அடுத்த நிமிஷம் பதினோரு குடும்பமும் ஒன்றாகப் பேசியது.

"நீதான்டா பூசச் சொன்ன?"

"பத்து வருசம்னு கேரண்டி குடுத்தியே!"

"பாவி, பல்லு போன வாயின்னு அவங்களக் கிண்டல் பண்ணோமே. இப்ப பாத்தா நம்ம வாய்லதான் பல்லே இல்ல."

தலைவருக்குக் கோபத்தில் வேட்டி அவிழ்ந்துவிட்டது. கட்டிக்கொண்டே கத்தினார். "அப்ப ஒரு கேள்விக்குப் பதில் சொல்லு. அன்னிக்கும் இஞ்சினியரு நீதான், இன்னிக்கும் இஞ்சினியரு நீதான். அன்னிக்குச் சொன்னது தப்புன்ற. இன்னிக்குச் சொல்றது சரின்னு நான் எத்த வெச்சி நம்பறது?"

அது நியாயமான கேள்வி. சாமியார்தான் காப்பாற்றினார். "ஒரு மாசம் டைம் தரேன். அதுவரைக்கும் வெளியில பந்தல் போட்டுப் பூசை. உன்னால நிரூபிக்க முடிஞ்சா காட்டு. முடியலன்னா அந்தக் காகிதப்படிதான்."

நிரூபிக்க ஒரே வழி, ஒரு கட்டத்தில் சிமெண்ட்டைக் கொத்தி எடுத்துவிட்டு, சுவர் ஆறுகிறதா என்று பார்ப்பது. அதற்கு எங்கள் கட்டத்தைத் தவிர வேறெதையும் நான் தொட முடியாது. அடுத்த நாளே நானும் அப்பாவும் உளியும் சுத்தியுமாக ஏறினோம். நான் உளியை வைக்க இடம் தேடிக்கொண்டிருக்க, அப்பா உப்பிய இடத்தில் ஓங்கி ஒரு போடு போட்டார். பாளமாக, கதவளவுக்கு ஒரு சிமெண்ட் தகடு அப்படியே கழன்று சரிந்து விழுந்தது. சுவரோடு அது ஒட்டவே இல்லை. வயிறு தள்ளியது சுவர் அல்ல, நான் போட்ட சட்டை. எனக்குச் சிரிப்பு வந்தது. தகடு கழன்ற இடத்தில் சுவரில் கையை வைத்துப் பார்த்தேன். சிரிப்பு போய்விட்டது.

செங்கற்களுக்கு நடுவே இருந்த சுண்ணாம்பு ஈர மாவு போல இருந்தது. விரல் முதல் கணு வரை உள்ளே போனது.

"இன்னாடா முழிக்கிற?" என்றார் அப்பா.

"ஒண்ணுமில்லப்பா. ஈரம்."

ஒன்றுமில்லாமல் இல்லை. ஆறினால் இறுகுமா, இல்லை உதிர்ந்து கொட்டுமா என்று எனக்குத் தெரியாது. உதிர்ந்தால் அந்த இஞ்சினியர் எழுதியதுதான் சரி. வெளியே பாதித் தூண்களை ஒட்டி இரண்டு கம்பு நட்டு, மழை படாமல் தார்ப்பாய் கட்டினோம். காற்று மட்டும் பக்கவாட்டில் போக விட்டோம்.

அந்த மாதம் முழுக்க ஊரே வந்து சுவரைத் தொட்டுப் பார்த்தது. ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரைப் பார்க்க வருவதுபோல வருவார்கள். தார்ப்பாயைத் தூக்கி, உள்ளங்கையை வைத்து, "இன்னா இஞ்சினியரே, இன்னிக்கி எப்டி கீறாரு?" என்பார்கள். "ஜொரம் கம்மிதான்" என்று பக்கத்திலிருப்பவரே பதில் சொல்வார். கரும்பு லோடு ஏற்றிப் போகிற மேலத் தெரு டிராக்டர்காரர் வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைக்காமலே இறங்கி வந்து தொட்டுவிட்டுப் போவார். நான் தினமும் கள்ளக்குறிச்சி பஸ்ஸைப் பிடிப்பதற்கு முன்னால் ஓர் ஆணியை எடுத்துக்கொண்டு போய் ஒரே இடத்தில் குத்திப் பார்ப்பேன். முதல் வாரம் ஆணி சுலபமாகப் போனது. இரண்டாம் வாரம் நடுவில் மூன்று நாள் மழை. ஆணி போனது. எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் வாரம் ஒரு வியாழக்கிழமை ஆணி பாதியில் நின்றது. இன்னும் அழுத்தினேன். வளைந்துவிட்டது.

வளைந்த ஆணியை அப்பாவிடம் காட்டினேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது ஆணி மட்டமா, சொவுரு கெட்டியா?" என்று கேட்டார். இன்னொரு ஆணி கொடுத்து, அவரையே குத்தச் சொன்னேன். அதுவும் வளைந்தது. அப்போதுதான் அவர் முகம் இளகியது.

ஆனால் என் சொல் மட்டும் போதாது. என்னோடு பாலிடெக்னிக்கில் படித்த ஒருத்தி பாண்டிச்சேரியில் பழைய வீடுகளைப் பழுதுபார்க்கிற ஒரு நிறுவனத்தில் இருந்தாள். போன் செய்து வரச் சொன்னேன். ஒரு சனிக்கிழமை விடியக்காலையில் பஸ் ஏறி, தியாகதுருகத்தில் டீ குடித்து, கச்சிராயபாளையம் டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினாள். வந்ததும் என்னைக் கேட்டாள்.

"யாரு இதுல சிமெண்ட் பூசச் சொன்னது?"

"நான்தான்."

"டிப்ளமோ முடிக்கிறதுக்கு முன்னாடியா, அப்புறமா?"

"அப்புறம்."

"எந்த காலேஜ்னு யார்கிட்டயும் சொல்லிடாத. நானும் அங்கதான் படிச்சேன்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கும் அந்த மாதத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. அவள் எங்கள் கட்டத்தை ஓர் ஆள் உயரத்துக்குத் தட்டித் தட்டிக் கேட்டாள். உள்ளே போய் உத்திரங்கள் சுவரில் உட்காரும் முனைகளைக் குத்திப் பார்த்தாள். கூரையிலிருந்து கயிறு தொங்கவிட்டு, சுவர் சாய்ந்திருக்கிறதா என்று அளந்தாள். பிறகு நான்காம் கட்டத்துக்கு வந்து பையிலிருந்து சின்னக் கத்தியை எடுத்தாள். தலைவர் ஓடிவந்து கையைத் தடுத்தார்.

"அதுல கைய வெக்காதம்மா. அது அவங்க கட்டம்."

"ஒப்பிட்டுப் பாக்கணும் சார். ரெண்டு அங்குலம்தான்."

"ரெண்டு அங்குலமா இருந்தாலும் கேக்கணும்மா."

தேருக்கு வந்தபோது அத்தை கொடுத்திருந்த புது நம்பரில் பெங்களூருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்கள். அந்தப் பக்கம் கலவை மெஷின் ஓடும் சத்தம். அத்தைக்கு விஷயத்தைச் சொல்லவே ஐந்து நிமிஷம் ஆனது. சொன்னதும் மெஷினுக்கு மேலே அவள் சிரிப்பு கேட்டது.

"எம்மா, ஊரே கேளுங்க! ரெண்டு வருசமா இவங்கிட்ட கெஞ்சினேன், எங்களுதுக்கும் பூசி வுடுறான்னு. பூசி வுட்டிருந்தா இன்னிக்கி இன்னா ஆயிருக்கும்? டேய் மருமவனே, கீறியா?"

"கீறேன் அத்தே."

"ஒன் சோம்பேறித்தனத்துக்கு மாதா ஒனக்கு ஒரு பொண்ணு பாத்து வெப்பாங்கடா. இப்ப கத்திய வெச்சிக்கினு நிக்கிதே ஒரு பொண்ணு, அதும் கிட்ட சொல்லு, ஒரு ரூவா காசு அளவு சொரண்டிக்கச் சொல்லு. அதுக்கு மேல சொரண்டுனா தேருக்கு வந்து ஒன்னைத்தான் சொரண்டுவேன்."

என் கூடப் படித்தவள் ஒரு ரூபாய்க் காசைச் சுவரில் வைத்துப் பென்சிலால் வட்டம் போட்டு, அதற்குள் மட்டும் கத்தியால் சீவினாள். சுண்ணாம்பு அடுக்கு அடுக்காக வந்தது. ஒரு வருஷத்துக்கு ஓர் அடுக்கு. வெள்ளைக்குள் இடையிடையே நீலம் கலந்த அடுக்குகள், ஓரிடத்தில் காவி, ஓரிடத்தில் இரண்டு மூன்று வருஷம் அடிக்காமல் விட்ட மாதிரி அழுக்குக் கோடு. அம்பது வரை எண்ணிவிட்டு, கண் வலிக்கிறது என்று விட்டுவிட்டாள். பதினோரு கட்டத்திலும் இந்த அடுக்குகள் இருந்திருக்கும். சிமெண்ட் பிடிக்க வேண்டும் என்று நான்தான் ஆள் வைத்துக் கொத்தி எடுக்கச் சொன்னேன். அது திரும்பி வராது. மற்றதெல்லாம் திரும்பி வரும் என்று அவள் சொன்னாள்.

மறுநாள் பந்தல் பூசை முடிந்ததும் சாமியார் முன்னால் அவள், தான் எழுதியதை வாசித்தாள். சுவர் சாயவில்லை. உத்திர முனைகளில் இரண்டை மட்டும் பார்க்க வேண்டும். வெடிப்பு பூச்சில்தான், சுவரில் இல்லை. சிமெண்ட்டை முழுக்க எடுத்துவிட்டு, ஒரு வெயில் காலம் ஆறவிட்டுச் சுண்ணாம்பிலேயே பூசினால் போதும். இடிக்கத் தேவையில்லை. சாமியார் இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு எழுந்து போய் எங்கள் கட்டத்தில் தானே ஓர் ஆணியைக் குத்தினார். அது வளைந்ததும் திரும்பி, "இடிக்கல" என்றார். அவ்வளவுதான். யாரோ ஓடிப்போய் மணிக் கயிற்றைப் பிடித்து இழுத்தார்கள். பந்தலில் பெண்கள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். கண்ணாலம் இங்கதான் ஆச்சி என்று அன்றைக்குச் சொன்னவர் பெண்டாட்டியைப் பார்த்து, "இன்னா பண்றது, கட்னது கட்னதுதான்" என்றார். முதுகில் ஓர் அடி விழுந்தது.

நான் அங்கேயே மணலில் உட்கார்ந்தேன். தலைவர் வந்து எதிரில் நின்றார். நான் ஒரு மாதச் சம்பளத்தைக் கொடுத்துவிடுகிறேன் என்றேன்.

"ஒன் சம்பளத்த வெச்சிக்கினு நாங்க இன்னாடா பண்றது? எல்லாரும் சேந்துதான பூசனோம், எல்லாரும் சேந்து பேத்துக்கறோம். ஒனக்கு வேற தண்டன கீது. சுண்ணாம்புத் தொட்டிய வேலைக்குப் போறதுக்கு மின்னாடி தெனம் நீதான் கெளறணும். ஒரு நாள் கம்மியானாலும் அன்னிக்கி ஒன் தலைல ஊத்துவேன்."

அந்தத் தை மாதம் பதினோரு குடும்பமும் அவரவர் கட்டத்தில் அவரவர் சிமெண்ட்டைப் பெயர்த்தார்கள். பெங்களூரிலிருந்து வந்த அத்தை வீட்டுக்காரர்களுக்குப் பெயர்க்க ஒன்றுமில்லை. அவர்கள் நிழலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டு, "இங்க இன்னும் கொஞ்சம் கீது பாரு, அங்க ஒட்டிக்கினு கீது பாரு" என்று எல்லோரையும் வேலை வாங்கினார்கள். அவர்களுக்கு அந்த உரிமை இருந்தது. வெயில் காலம் முழுக்க சுவர் செங்கல் தெரிய நின்று ஆறியது. என் கூடப் படித்தவள் அனுப்பிவைத்த இரண்டு மேஸ்திரிகள் வைகாசியில் வந்தார்கள். மலையிலிருந்து கடுக்காய் மூட்டையாக இறங்கியது. அதை இடித்து ஊறவைத்த தண்ணீரில் ஆலை வெல்லத்தைக் கரைத்துச் சுண்ணாம்பில் சேர்த்தோம். தொட்டியிலிருந்து கள் மாதிரி ஒரு புளித்த வாசம் தெரு முழுக்க வந்தது. நான் ஒரு நாள்கூடக் கிளறாமல் இருக்கவில்லை. கை கடுக்காய்க் கறையோடே பல மாதம் இருந்தது. கள்ளக்குறிச்சி சைட்டில் கேட்டவர்களுக்கெல்லாம் காரணத்தை முழுசாகச் சொன்னேன்.

அடுத்த மழை வந்தது. ஒவ்வொரு சன்னலுக்குக் கீழேயும் கையை வைத்துக்கொண்டே வடக்குச் சுவர் நீளத்துக்கும் நடந்தேன். பிறகு தெற்குச் சுவர். கை காய்ந்தே வந்தது. பாடகர் குழு பழைய பெஞ்சுக்குத் திரும்பியது. சுண்ணாம்பு, மணல், கடுக்காய், வெல்லம், சாரக் கம்பு வாடகை, மேஸ்திரிகள் கூலி, இரண்டு உத்திர முனைக்கு மரம், வேண்டவே வேண்டாம் என்று சொல்லியும் சாமியார் என் கூடப் படித்தவளின் பையில் திணித்த பஸ் காசு, எல்லாம் சேர்த்து எண்பத்தாறாயிரத்து முந்நூற்று நாற்பது ரூபாய் ஆனது.